36,000 அடியில் கபின் அழுத்தம் போனால்: மாஸ்க்கில் தொடங்கித் தரையில் முடியும் வரை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் போயிங் 737-800 விமானத்தின் கொக்பிட் ஒன்று இருக்கிறது. பலகை, பழைய கணினிகள், தச்சர் ஒருவர் செய்து தந்த பெட்டிகள், இவற்றால் ஆன சிமுலேட்டர்தான். நான் வெளிநாட்டில் துணை விமானியாகப் பறந்த காலத்துப் பழக்கம் விட்டுப்போகவில்லை. வணிக விமானி உரிமம் எடுத்துவிட்டு நிறுவனத் தெரிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்து வந்து பழகுகிறார்கள்.

எஞ்சினில் தீ என்றால் நன்றாகச் செய்வார்கள். ஒரு எஞ்சின் நின்றாலும் சமாளிப்பார்கள். கபின் அழுத்தம் போகும்போதுதான் அநேகமாக எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குப் படிகள் தெரியாமலில்லை, வரிசைதான் குழம்புகிறது. அந்த வரிசையை ஏன் மாற்றக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் 737-800ஐ வைத்துச் சொல்வது. எயார்பஸ்ஸில் பொத்தான்கள் வேறு, தர்க்கம் ஒன்று. நாளைக்கு உண்மையான விமானத்தில் உட்காரும்போது உங்கள் நிறுவனத்தின் கையேடு சொல்வதே சட்டம்.

1. காற்று எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

தரையில் கதவைப் பூட்டும்போது அடைத்த காற்றோடுதான் விமானம் பறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு வந்தால் பிறகு வரும் எந்தப் படியும் விளங்காது.

எஞ்சினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்று, பேக் எனப்படும் குளிரூட்டும் பொறிகள் வழியாக ஓயாமல் கபினுக்குள் வருகிறது. வால் பக்கத்தில் இருக்கும் வெளியேற்று வால்வு வழியாக ஓயாமல் வெளியே போகிறது. எங்கள் மட்டக்களப்பு வாவியை நினைத்துக்கொள்ளுங்கள். மாரியில் வெள்ளம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கேற்றபடி வாவியின் மட்டம் நிற்கும். மண்மேடு அடைத்தால் வயல் மூழ்கும். வெட்டிவிட்டால் மட்டம் இறங்கும். வால்வுதான் விமானத்தின் முகத்துவாரம்.

ஆகவே கோளாறு இரண்டு வகைதான். வரத்துக் குறைந்திருக்க வேண்டும், அல்லது போக்கு மிஞ்சியிருக்க வேண்டும். பேக் நிற்பது முதல் வகை. வால்வு தேவைக்கு மேல் திறந்துவிடுவதும், உடலில் ஓட்டை விழுவதும் இரண்டாம் வகை.

இன்னொன்று, கபின் உயரம். விமானம் 36,000 அடியில் போகும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி மலையில் இருப்பதைப் போன்றது. பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. அதற்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்கிய பிஸ்கட் பக்கெற் நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊதிப்போயிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கபின் உயரம் 10,000 அடியைத் தாண்டினால் கொக்பிட்டில் ஹோர்ன் அடிக்கும். 14,000 அடியைத் தாண்டினால் பயணிகளின் மாஸ்க்குகள் தானாக விழும். இரண்டும் கபினின் உயரங்கள். விமானத்தின் உயரத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளை வகுப்புக்கு ஒருவராவது இருக்கும்.

2. புறப்படுமுன் செய்து முடித்திருக்க வேண்டியவை

*மாஸ்க்கைச் சோதியுங்கள்.* பெட்டியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஒட்சிசன் ஓடுவதைக் காட்டும் அடையாளம் அசைகிறதா, மாஸ்க்கின் மைக்கில் உங்கள் மூச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறதா, ஒட்சிசன் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே போனபின் இதைச் சோதிக்க நேரம் கிடைக்காது.

*அழுத்தத் தெரிவுச் சுவிட்ச் ஓட்டோவில் (தானியங்கி நிலையில்) நிற்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.* கண்ணால் மேய்ந்துவிட்டு “ஓட்டோ” என்று வாயால் சொல்வது போதாது. 2005 ஓகஸ்ட் 14ஆம் திகதி ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 ஒன்று சைப்பிரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்டது. தரையில் கசிவுச் சோதனை செய்தபோது மேனுவலுக்கு (கையால் இயக்கும் நிலைக்கு) திருப்பிய சுவிட்ச் அப்படியே நின்றது. விமானிகளும் கவனிக்கவில்லை. விமானம் ஏற ஏறக் கபினும் கூடவே ஏறியது. 121 பேரும் இறந்தார்கள்.

*பேக்கும் எஞ்சின் காற்றுச் சுவிட்ச்களும்.* எஞ்சினின் முழுச் சக்தியும் வேண்டும் என்பதற்காக, சில வேளைகளில் எஞ்சின் காற்றைக் கபினுக்குக் கொடுக்காமல் புறப்படுவதுண்டு. ஏறியபின் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் கபின் பட்டினிதான்.

*பறக்கும் உயரம், இறங்கும் இடத்தின் உயரம்* இரண்டையும் பலகையில் சரியாக வையுங்கள். பிறகு 10,000 அடியைக் கடந்து ஏறும்போது ஒருமுறை தலையைத் தூக்கிக் கபின் மானியைப் பாருங்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு முள் இருக்கும். ஒன்று கபின் உயரம், மற்றது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். எந்த முள் எது என்பதை அமைதியான நாளில் பழகிக்கொள்ளுங்கள். ஹோர்ன் அடிக்கும்போது முதன்முதலாக வாசிப்பவர் பிழையாகத்தான் வாசிப்பார்.

3. ஹோர்ன் அடித்தவுடன்

நாம் பழகும் நிலைமை இது. கிழக்கிலிருந்து, வங்காள விரிகுடா கடந்து, கட்டுநாயக்கா நோக்கி 36,000 அடியில் வருகிறோம். முன்னால் மட்டக்களப்புக் கரை. விட்டு விட்டு ஹோர்ன் அடிக்கிறது.

இதே சத்தம் தரையிலும் உண்டு. ஓடுபாதையில் சிறகின் ஃபிளாப் தகடுகள் போன்றவை சரியாக இல்லாமல் சக்தியைக் கூட்டினால் அடிக்கும் எச்சரிக்கையும் இதே ஹோர்ன்தான். ஹீலியோஸ் விமானிகள் இதைத்தான் மாற்றி விளங்கிக்கொண்டார்கள். ஒரே விதியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: சக்கரம் தரையை விட்டபின் அடிக்கும் இந்த ஹோர்ன் கபின் உயரம்தான், வேறு எதுவும் கிடையாது. பின்னாளில் இரண்டையும் பிரித்துக் காட்ட விளக்குகள் சேர்த்தார்கள். ஆனாலும் காதுக்கு இந்த விதி தெரிந்திருக்கட்டும்.

இங்கே நான் அடிக்கடி காணும் பிழை, ஹோர்னை நிறுத்தும் பொத்தானைத் தேடி முதலில் கை போவது. சத்தம் நின்றதும் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி ஒரு ஆறுதல் வந்துவிடும். ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், கை மாஸ்க்குக்குப் போகட்டும்.

ஏறிக்கொண்டிருக்கும்போது அடித்தால் ஏற்றத்தை நிறுத்துங்கள். கபினும் கூடவே ஏறும் நிலையில் மேலே போகும் ஒவ்வோர் ஆயிரம் அடியும் உங்கள் நேரத்தைத் தின்னும்.

4. மாஸ்க்: இதற்கு முன் எதுவும் செய்யாதீர்கள்

இந்தப் பகுதிதான் நீளம். காரணம், விழுகிறவர்களில் பெரும்பாலானோர் விழுவது இங்கேதான்.

பயன்தரும் சுயநினைவு நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒட்சிசன் குறைந்தபின் சரியாக யோசித்து வேலை செய்யக்கூடிய நேரம் அது. 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 35,000 அடியில் 30 முதல் 60 செக்கன். 40,000 அடியில் 15 முதல் 20 செக்கன். அழுத்தம் திடீரென்று போனால் இவை ஏறத்தாழப் பாதியாகும். அதாவது நம்முடைய 36,000 அடியில், மோசமான நாளில், கால் நிமிடம்தான்.

மயங்கி விழ எடுக்கும் நேரம் என்று இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மயக்கம் அதற்குப் பிறகு வருவது. முதலில் போவது புத்தி. போவது உங்களுக்கே தெரியாது.

பயிற்சிக் காலத்தில் ஒருமுறை அழுத்த அறையில் உட்காரவைத்து 25,000 அடிக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் பெயரைத் தமிழில் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். மிக நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் இலேசான சந்தோஷம். ஏன் பயிற்சியாளர் என் முகத்தில் மாஸ்க்கை அழுத்துகிறார் என்று கோபம்கூட வந்தது. பிறகு தாளைப் பார்த்தேன். முதல் நாலு வரி என் கையெழுத்து. ஐந்தாவது வரியில் எழுத்துகள் பெருத்துச் சரிந்திருந்தன. அதற்குக் கீழே சுழி மட்டும்தான், ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தத் தாளை சிமுலேட்டர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே “முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்” என்பது சரிவராது. பார்ப்பதற்கு வேண்டிய புத்தியைக் காப்பாற்றத்தான் மாஸ்க்.

போடும் விதம்: தலையில் இருக்கும் ஹெட்செட்டைக் கீழே தள்ளுங்கள். ஒரு கையால் மாஸ்க்கின் சிவப்புப் பிடியை அமுக்கி இழுங்கள். பட்டிகள் காற்றேறி விரியும். தலையோடு சேர்த்து முகத்தில் வைத்துப் பிடியை விடுங்கள், பட்டிகள் சுருங்கி இறுகும். 5 செக்கனுக்குள் ஒரு கையால் முடிய வேண்டும். பிறகு ரெகுலேட்டர் 100 சதவீதமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அதன்பின் ஹெட்செட்.

எங்கள் சிமுலேட்டரில் உண்மையான மாஸ்க் கிடையாது. பாசிக்குடாவில் வாங்கிய நீச்சல் மாஸ்க் ஒன்றைத் தச்சர் செய்த பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறோம். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் கை எங்கே போக வேண்டும் என்பது அதிலேயே பழகிவிடுகிறது.

இந்த இடத்தில் நான் காணும் பிழைகள்:

மூக்குக் கண்ணாடி. ஒரு தங்கச்சி மூன்று தடவையும் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் மாஸ்க்கைத் தொட்டார். 11 செக்கன். உங்கள் கண்ணாடி மாஸ்க்குக்குள் அடங்குமா என்று தரையிலேயே பார்த்துவிடுங்கள்.

மற்றவரின் முகத்தைப் பார்ப்பது. துணை விமானி கப்டன் போடும்வரை காத்திருப்பார். மரியாதை நல்லதுதான், ஆனால் இது வாசலில் “முதல்ல நீங்க போங்க” என்று நிற்கும் நேரமில்லை. அவரவர் மாஸ்க்கை அவரவர் போட வேண்டும், ஒரே நேரத்தில்.

மூன்றாவது, “மெதுவாத்தானே சேர் ஏறுது, ஊசியைப் பார்த்திட்டுப் போடுறன்” என்பது. மெல்லக் கசியும் அழுத்தம்தான் வெடித்துப் போவதைவிடக் கள்ளமானது. வெடித்தால் சத்தம், பனிமூட்டம், குளிர், காது வலி எல்லாம் வந்து உலுக்கிவிடும். கசிவு ஒன்றும் சொல்லாது.

5. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும்

மாஸ்க் போட்டதும் ஹெட்செட்டில் இருக்கும் மைக் பயனற்றது. மாஸ்க் மைக்குக்கு மாற்றும் சுவிட்சைத் தள்ளுங்கள், ஸ்பீக்கரைக் கூட்டுங்கள். பிறகு ஒருவரை ஒருவர் அழையுங்கள்: “மாஸ்க் போட்டாச்சு, 100 சதவீதம், கேட்குதா?” “கேட்குது, எனக்கும் 100.”

இதைத் தாண்டிப் போகக்கூடாது. அடுத்த படிகள் இரண்டு பேர் பிரித்துச் செய்பவை. ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் கையேட்டைப் பார்த்துச் சரிபார்க்கிறார். பதில் வராவிட்டால் திரும்பிப் பாருங்கள். அவர் ஏற்கெனவே மயங்கியிருக்கலாம். அதை நான்கு நிமிடம் கழித்துக் கண்டுபிடிக்கக்கூடாது.

மாஸ்க்குக்குள் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கும், ஒவ்வொரு மூச்சும் மற்றவர் காதில் இரையும். பேசும்போது மட்டும் மைக்கை அழுத்துங்கள். சின்னச் சின்ன வசனமாகப் பேசுங்கள்.

6. மேனுவலுக்கு மாற்றி வால்வை மூடுங்கள்

இப்போதுதான் கை மேலே, அழுத்தப் பலகைக்குப் போகிறது. தெரிவுச் சுவிட்சை மேனுவலுக்குத் திருப்புங்கள். வால்வுச் சுவிட்சை மூடும் பக்கம் பிடியுங்கள். வால்வு மானியின் முள் முழுதாக மூடிய இடத்துக்கு வரும்வரை கையை எடுக்காதீர்கள்.

அந்தச் சுவிட்ச் ஸ்பிரிங் வைத்தது. விட்டால் நடுவுக்கு வந்துவிடும், வால்வும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டு லைற் சுவிட்ச் மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள் நிறையப்பேர். பாதி திறந்த முகத்துவாரத்தை வைத்துக்கொண்டு வாவி ஏன் வற்றுகிறது என்று பிறகு கேட்பார்கள்.

இது ஏன் இறங்குவதற்கு முன் வருகிறது? தானியங்கிக் கட்டுப்பாடு குழம்பி வால்வைத் திறந்து வைத்திருந்தால், அதை மூடுவதோடு பிரச்சினை முடிந்துவிடலாம். வரத்து நன்றாக இருந்தால் கபின் தானாக நிரம்பும்.

7. கட்டுக்குள் வந்ததா, இல்லையா?

வால்வு மூடியபின் கபின் ஏறும் வேகத்தைக் காட்டும் மானியைப் பாருங்கள். கபின் உயரம் நின்றுவிட்டதா? இறங்கத் தொடங்கிவிட்டதா? அப்படியானால் கட்டுக்குள் வந்துவிட்டது. இன்னும் ஏறுகிறதா? கட்டுக்குள் இல்லை.

ஹோர்ன் கேட்டவுடன் மூக்கைக் கீழே குத்துவது வீரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அடியை நிமிடத்தில் இழக்கும் இறக்கம், கீழ் உயரங்களில் பறக்கும் மற்ற விமானங்களுக்கும், பட்டி போடாத பயணிக்கும், சூடான தேநீர் வண்டியோடு நிற்கும் கபின் ஊழியருக்கும் ஆபத்துத்தான். கட்டுக்குள் வந்த கபினுக்கு அது தேவையில்லை.

அதே நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டே அரை நிமிடம் விவாதிப்பவர்களும் உண்டு. இரண்டில் எதைப் பிழைவிடலாம் என்று கேட்டால், நான் இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். சந்தேகம் இருந்தால் இறங்குங்கள்.

கட்டுக்குள் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேனுவலில் இனி வால்வுக்கு நீங்கள்தான் பொறுப்பு. முழுதாக மூடியபடி மறந்துவிட்டால் அழுத்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். 9.1 பிஎஸ்ஐயில் பாதுகாப்பு வால்வு திறக்கும். அதுவரை விடுவது நல்ல விமானிக்கு அழகல்ல. மெல்ல மெல்லத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கபின் உயரம் 10,000 அடிக்குக் கீழே வந்தபின் மாஸ்க்கைக் கழற்றலாம்.

8. அவசர இறக்கம்

கட்டுக்குள் வரவில்லை. சீட்பெல்ற் விளக்கைப் போடுங்கள். கபின் 14,000 அடியைத் தாண்டினால், அல்லது தாண்டும் போலிருந்தால், பயணிகள் ஒட்சிசன் சுவிட்சையும் போடுங்கள். தானாக விழுந்திருந்தாலும் போடுங்கள், சில இடத்தில் விழாமல் சிக்கியிருக்கலாம்.

ஓட்டுபவர் “அவசர இறக்கம்” என்று அறிவிக்கிறார், கபினுக்கும் ஒலிபெருக்கியில் சொல்கிறார். மற்றவர் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு: மேடே, மேடே, மேடே, விமானத்தின் அழைப்புப் பெயர், அவசர இறக்கம், எந்த உயரத்துக்கு. ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பொண்டரில் அவசர எண் 7700. அந்தப் பகுதியின் அழுத்தமானி அளவையும் கேட்டு வாங்குகிறார், இல்லாவிட்டால் கீழே உங்கள் உயரமானி பொய் சொல்லும்.

ஓட்டுபவரின் கை போகும் வரிசை:

முதலில் ஓட்டோபைலட் பலகையின் உயரச் சாளரம். 10,000 வையுங்கள் (ஏன் எப்போதும் 10,000 இல்லை என்பது அடுத்த பகுதியில்). உயரத்தை மாற்றாமல் இறக்கப் பொத்தானை அழுத்தினால் ஓட்டோபைலட் 36,000லேயே நிற்கும். பிள்ளைகள் அழுத்திவிட்டு “சேர், இறங்குதில்லையே” என்பார்கள்.

பிறகு லெவல் சேஞ்ச், அதுதான் அந்த இறக்கப் பொத்தான். அதன்பின், வழியிலிருந்து விலக வேண்டுமானால் திசை. எஞ்சின் பற்றவைப்புச் சுவிட்ச்கள் தொடர்நிலைக்கு. எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டில்கள் முழுதாகப் பின்னுக்கு. ஸ்பீட்பிரேக் (சிறகின் மேல் எழும் தடுப்புத் தகடுகள்) பறப்பு எல்லை வரை. கடைசியாக வேகம்: உடலில் சேதம் இல்லையென்றால் அதிகபட்ச அனுமதி வரை போகலாம், இந்த விமானத்துக்கு மாக் 0.82 (ஒலியின் வேகத்தில் 82 சதவீதம்), கீழே வந்தபின் 340 நொட். ஓட்டோபைலட்டைக் கழற்ற வேண்டாம். மாஸ்க் போட்ட முகத்தோடு கையால் ஓட்டுவதை நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வெடிச்சத்தம் கேட்டிருந்தால், அதிர்வு இருந்தால், உடலில் எங்கோ கிழிந்திருக்கலாம். அப்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். இருக்கும் வேகத்தை வைத்துக்கொண்டு, முரட்டுத் திருப்பம் இல்லாமல் இறங்குங்கள். இறக்கம் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கிழிசல் பெருக்காது.

36,000லிருந்து 10,000க்கு வர நாலைந்து நிமிடம் ஆகும். பயணிகளின் ஒட்சிசன் ஏறத்தாழ 12 நிமிடத்துக்குத்தான் வரும். கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் நடுவில் தடுமாற இடமில்லை.

9. கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து இறங்குங்கள்

கையேடு சொல்வது “10,000 அடி அல்லது பாதுகாப்பான மிகக் குறைந்த உயரம், இதில் எது கூடவோ அது.” பிள்ளைகளின் வாயில் இது “10,000” என்று சுருங்கிவிடும். வாவிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் எழுவான்கரைக்காரருக்கு நிலம் என்றால் சமவெளிதானே, அதனாலோ என்னவோ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்டக்களப்புக்கு நேர் மேலே இறக்கத்தைத் தொடங்கினால், நாலைந்து நிமிடத்தில் சுமார் 55 கிலோமீற்றர் மேற்கே போயிருப்பீர்கள். மகாஓயா தாண்டிவிடும். இன்னும் போனால் மலைநாடு. பிதுருதலாகலை 8,281 அடி. மலைப்பகுதிக்கு வேண்டிய 2,000 அடி இடைவெளியைச் சேர்த்தால் 10,281. அங்கே 10,000 போதாது. விளக்கப்படத்தில் அந்தக் கட்டத்துக்கு அச்சிட்டிருக்கும் குறைந்த உயரத்தைப் பாருங்கள்.

இதற்கு நான் விரும்பும் விடை, இறங்கும்போதே கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்லிவிட்டுக் கடல் பக்கமோ சமவெளிப் பக்கமோ கிறுகிக்கொள்வது. கல்முனை, பொத்துவில் பக்கக் கரையோரமாக வந்தால் 10,000 தாராளம். ஆனால் திருப்பத்தை இறக்கத்தின் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். 12,000 அடியில் மேகத்துக்குள் நின்று மலை எங்கே என்று தேடக்கூடாது.

10. மட்டத்துக்கு வரும்போது

இறக்கம் முடிவதற்கு ஓர் ஆயிரம் அடி முன்பே ஸ்பீட்பிரேக்கை மெதுவாக உள்ளே தள்ளத் தொடங்குங்கள். மட்டம் பிடித்ததும் சக்தியைக் கூட்டுங்கள். ஸ்பீட்பிரேக் வெளியே நிற்கும்போது சக்தியைக் கூட்டிவிட்டு, வேகம் ஏன் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் அறையில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கும்.

பிறகு கையேட்டை எடுத்து முதல் வரியிலிருந்து வாசியுங்கள். மனப்பாடமாகச் செய்த ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபாருங்கள். வால்வு பாதியில் நின்றது இப்போதுதான் பிடிபடும்.

11. பின்னால் இருப்பவர்கள்

கபின் ஊழியரைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி: யாருக்காவது காயமா, எங்காவது சேதமா, எல்லாருக்கும் மாஸ்க் கிடைத்ததா. அவர்களும் இவ்வளவு நேரம் அருகில் கிடைத்த மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

“எரிஞ்ச மணம் வருது” என்று பின்னாலிருந்து செய்தி வரும். ஒட்சிசன் உண்டாக்கும் கருவிகள் வேலை செய்யும்போது சூடாகும், தூசு கருகும். அது தெரியாமல் தீ என்று நம்பி அடுத்த அவசரத்தைத் தொடங்கிவிடாதீர்கள். ஊழியரைப் பார்க்கச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். பை ஊதவில்லை, ஒட்சிசன் வரவில்லை என்று மாஸ்க்கைக் கழற்றுபவர்களும் இருப்பார்கள். பை ஊதாமலும் ஒட்சிசன் வரும்.

மூட்டு வலி என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது கடலில் சுழியோடினார் என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் கரைக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். அவ்வளவு ஆழம் போய்வந்தவர் ஒரு நாளாவது விமானம் ஏறக்கூடாது. ஏறியிருந்தால், கபின் அழுத்தம் போகும்போது இரத்தத்தில் குமிழி வரும் முதல் ஆள் அவர்தான். தரையில் மருத்துவர் தயாராக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

12. எங்கே இறக்குவது

“சேர், மட்டக்களப்பு கீழதானே இருக்கு, மறுகா ஏன் அங்கால போற?” என்று ஒரு தம்பி கேட்டான். ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் எங்கள் ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான், நிறையப் பயணிகளோடு வரும் 737க்கு அது இடமல்ல. 10,000 அடியில் எல்லாரும் சாதாரணமாக மூச்சுவிடும் விமானம் இப்போது நல்ல விமானம்தான். அவசரம் பெரும்பாலும் மேலேயே முடிந்துவிட்டது. மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதை இருக்கிறது, கட்டுநாயக்காவில் 3,350. வானிலையையும் எரிபொருளையும் பார்த்து இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

எரிபொருளைச் சொன்னேன். 10,000 அடியில் அதே தூரத்துக்கு மேலே எரிவதைவிட மிக அதிகம் எரியும். மேலே போட்ட கணக்கை அப்படியே நம்பி மலைநாட்டைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

அழுத்தம் கட்டுக்குள் வந்து மேனுவலில் வந்தவர்கள், இறங்குமுன் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, சக்கரம் தொடும்போது அழுத்த வித்தியாசம் பூச்சியமாக இருக்கும்படி கொண்டுவர வேண்டும். மிச்ச அழுத்தத்தோடு இறங்கினால் காதில் அடி விழும், கதவும் திறக்காது.

நின்றபின் தொழில்நுட்பப் பதிவேட்டில் “கபின் அழுத்தக் கோளாறு” என்று மட்டும் எழுதிவிட்டு இறங்காதீர்கள். ஹோர்ன் அடித்த நேரம், அப்போது விமானத்தின் உயரம், கபின் உயரம், அழுத்த வித்தியாசம், வால்வு முள் நின்ற இடம், எரிந்த விளக்குகள், மேனுவலில் மூடியபின் கபின் என்ன செய்தது, இவ்வளவையும் எழுதுங்கள். வரத்தா போக்கா என்று இரவோடு இரவாகத் தேடப்போகும் பொறியியலாளருக்கு உங்கள் கையெழுத்துத்தான் வெளிச்சம்.